பதினாலு காரட் பயம்

தங்கத்தைப் பற்றி சர்க்கார் எந்தப் புது உத்தரவு போட்டாலும் நம் வீட்டுப் பெண்களிடமிருந்து முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "எடுத்துட்டுப் போயிருவாங்களா?"

எவ்வளவு, யாருக்கு, எப்போதிலிருந்து என்பதெல்லாம் அப்புறம். முதலில் இந்தக் கேள்வி. படித்தவர், படிக்காதவர், ஐந்து பவுன் வைத்திருப்பவர், ஐம்பது பவுன் வைத்திருப்பவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

2016 நவம்பரில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த மாதக் கடைசியில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தமும் வந்தது. அவ்வளவுதான், வீட்டு நகைக்கும் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு மாமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு கோவிலுக்கு வந்தார். டிசம்பர் 1-ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் விளக்கம் கொடுத்தது. சோதனையே நடந்தாலும் திருமணமான பெண்ணிடம் 500 கிராம், திருமணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை உள்ள நகைகளைப் பறிமுதல் செய்யமாட்டோம் என்றார்கள். 500 கிராம் என்றால் அறுபத்திரண்டரைப் பவுன்! நம்மில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? இதுவும் புது விதி இல்லை, 1994-லிருந்தே அதிகாரிகளுக்கு உள்ள உத்தரவுதான். அந்த அளவுக்கு மேல் வைத்திருப்பதும் குற்றமில்லை. வாங்கிய வழிக்குக் கணக்கு இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அதே விளக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் தெருவில் வந்து சேர்ந்த செய்தி என்ன தெரியுமா? "அறுபத்திரண்டு பவுனுக்கு மேல இருந்தா எடுத்துருவாங்களாம்." பக்கத்துத் தெருவுக்குப் போவதற்குள் அது முப்பதாகக் குறைந்துவிட்டது. கேள்விப்பட்ட என் அம்மா வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரி அடுப்படியில் விளக்கு வெகு நேரம் எரிந்தது.

இந்தப் பயத்தைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இது எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவைப் பெற்ற தாத்தா மதுரையில் நகை வேலை செய்த பத்தர். தெற்காவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அவருக்குப் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கும்மட்டி அடுப்பு, ஊதுகுழல், குறடு, கம்பி இழுக்கிற அச்சு, தராசுப் பெட்டி, உரைகல், உட்கார இரண்டு மணை. கூட வேலைக்கு இரண்டு பையன்கள், தொழில் பழக என் பெரிய மாமா. அவ்வளவுதான்.

1962 அக்டோபரில் சீனப் படை எல்லையைத் தாண்டி வந்தது. தேசப் பாதுகாப்பு நிதிக்குத் தங்கம் தாருங்கள் என்று நாடு முழுவதும் கேட்டார்கள். நம் பெண்கள் கூட்டத்திலேயே வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். இந்திரா காந்தி தம்முடைய நகைகளைக் கொடுத்த படம் பத்திரிகைகளில் வந்தது. எங்கள் அம்மாச்சியும் ஒரு ஜோடிக் கம்மல் கொடுத்தாராம். பத்தர் வீட்டுப் பெண்டாட்டி கம்மல் இல்லாமல் வெறும் ஓலையோடு நின்றதைப் பார்த்து ஊரே பேசியதாம். "அதுக்கென்ன, நாட்டுக்குத்தானே" என்று அம்மாச்சி கடைசிவரை சொல்வார். யாரும் மிரட்டவில்லை, கேட்டார்கள், கொடுத்தார்கள்.

இது நடந்து இரண்டு, மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய். போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வந்த உத்தரவு என்பதால் முன்கூட்டி யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. இனிமேல் செய்கிற நகை எதுவும் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நகையாக இல்லாத தங்கம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுச் செலாவணிக்கு நாடு திண்டாடிய நேரம். தங்கமோ கடத்தலில் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் ஒரு விலை, இங்கே அதைவிட வெகு அதிகமாக ஒரு விலை என்றால் கடத்துகிறவன் சும்மா இருப்பானா? ஆகவே மக்களின் தங்க ஆசையைக் குறைத்துவிட்டால் கடத்தலும் தானே குறையும் என்று நினைத்தார்கள். டில்லியில் உட்கார்ந்து யோசித்தால் சரியாகத்தான் தோன்றும்.

நமக்குப் பழக்கமான 22 காரட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல் சுத்தத் தங்கம். 14 காரட்டில் ஐம்பத்தெட்டரைப் பங்குதான், மீதி செம்பும் வெள்ளியும். செம்பு கூடினால் நிறம் சிவக்கும், மஞ்சள் முகம் போய்விடும். அதைவிட முக்கியம், உலோகம் விறைத்துப்போகும். நம் ஊர் வேலை என்ன? இழை மாதிரிக் கம்பி இழுத்து, முறுக்கி, மணி மணியாகப் பற்றவைத்துச் செய்கிற வேலை. "இழுக்க இழுக்க ஒடியும்டா, ஊதினா பத்தாது, தட்டினா வெடிக்கும்" என்று தாத்தா சொன்னதை மாமா அப்படியே சொல்லிக் காட்டுவார். மேல்நாட்டில் 14 காரட்டில் கல் பதித்து மோதிரம் செய்கிறார்கள் என்றால் அந்த வேலையே வேறு, கருவியும் வேறு. இங்கே பரம்பரையாக வந்த கையை ஒரே நாளில் மாற்று என்றால் எப்படி மாறும்?

அடுத்தது விற்பனை. 14 காரட் நகையை அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் என்ன கிடைக்கும்? அதிலும் பெண்கள் கேட்டது ஒரே கேள்விதான். "தாலிக்குமா பதினாலு காரட்டு?" அந்தத் தை மாதத்தில் நிச்சயமான கல்யாணங்களுக்கு, இருந்த பழைய தாலியையே மெருகு போட்டுக் கட்டினார்களாம். சிலர் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டு, "தங்கம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம்.

சட்டம் செய்தவர்கள் தங்கத்தை ஆசை என்று பார்த்தார்கள். பெண்களோ அதைச் சொத்து என்று பார்த்தார்கள், முழுக் கோளாறும் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமாகப் பெண்களுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. பதினான்கு பெரிய வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதே 1969-ல். 1963-ல் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு நிலம் அவள் பேரில் இல்லை, வீடு இல்லை, பாஸ்புத்தகம் இல்லை. புருஷன் குடித்தாலோ, செத்தாலோ, விரட்டினாலோ அவள் கையில் மிஞ்சுவது கழுத்திலும் காதிலும் கிடக்கிறதுதான். 'தங்க மோகம்' என்று மேடையில் பேசினவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் வருத்தம்.

தாத்தாவின் பட்டறையில் அடுப்பு அணைந்தது. வேலைக்கு இருந்த இரண்டு பையன்களையும் அனுப்பிவிட்டார். ஒருவன் சோடாக் கடைக்குப் போனான், இன்னொருவன் எங்கே போனானோ! நாடெங்கும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் இப்படித்தான் நின்றார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகள் அந்த ஆண்டு பத்திரிகைகளில் வந்தன. மாற்றுத் தொழிலுக்குக் கடன், பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று சர்க்கார் சில ஏற்பாடுகள் செய்தது உண்மை. ஆனால் நாற்பது வயதில், ஊதுகுழல் பிடித்த கைக்கு வேறு என்ன தொழில் வரும்? அம்மாச்சி அப்பளம் இட்டு விற்றார். பெரிய மாமா பதினாறு வயதில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போனார். தாத்தாவுக்கு அப்புறம் அந்தத் தொழில் எங்கள் குடும்பத்தில் இல்லாமலே போயிற்று.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த ஆகஸ்டில் காமராஜ் திட்டத்தின்படி பதவி விலகியவர்களில் மொரார்ஜியும் ஒருவர். டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சரானார். செப்டம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். வாடிக்கைக்காரர் தம்முடைய பழைய நகையைக் கொண்டுவந்தால் அதை அழித்து, பழைய மாற்றிலேயே புது நகை செய்து தரலாம் என்றார்கள். பத்தர்களுக்கு உயிர் வந்தது. ஆனால் இந்தச் சலுகை என்ன செய்தது பாருங்கள்!

புதுத் தங்கத்தில் 22 காரட் செய்தால் குற்றம். பழையதை அழித்துச் செய்தால் குற்றமில்லை. செய்து முடித்த சங்கிலியைப் பார்த்து, இது பழைய தங்கமா புதுத் தங்கமா என்று சொல்ல முடியுமா? உரைகல் மாற்றைச் சொல்லும், வயசைச் சொல்லாது. ஆகவே எல்லாச் சங்கிலியும் பழைய சங்கிலி ஆயிற்று. "அந்த வருஷத்துல மதுரையில இருந்த பாட்டிகளுக்கெல்லாம் திடீர்னு ஏகப்பட்ட நகை வந்துருச்சு" என்று மாமா சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு பட்டறையிலும் நோட்டில் 'பாட்டி நகை அழித்தது' என்று எழுதியிருக்கும். எழுதுகிறவருக்கும் பொய் என்று தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும், வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கும் தெரியும். வெற்றிலை பாக்குக்குக்கூடக் கடன் சொல்லாத தாத்தாவை நோட்டில் பொய் எழுத வைத்தது அந்தச் சட்டம். அம்மாச்சிக்குப் பட்டினி கிடந்ததைவிட இதுதான் மனசில் தங்கியிருந்தது.

அதிகாரிகளைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு.

ஒன்று, தளர்த்துவதற்கு முன்பு நடந்தது. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ரிக்ஷாவில் ஓர் அம்மாள் வந்தார். முக்காடு மாதிரிப் புடவையை இழுத்துவிட்டிருந்தார். மகளுக்கு இரட்டை வடச் சங்கிலி வேண்டும். தாத்தா, "பதினாலு காரட்டுலதாம்மா செய்யலாம்" என்றார். அந்த அம்மாள் சிரித்தாராம். "பத்தரே, எங்க வீட்டுல அவுக சோதனைக்குப் போறது பகல்ல. நான் வந்திருக்கிறது ராத்திரில." அப்போதுதான் தாத்தாவுக்குப் புரிந்தது, யார் வீட்டம்மாள் என்று!

தாத்தா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "செஞ்சா குத்தம். செய்யலைன்னா நாளைக்கே அவர் வந்து நிப்பாரு. என்ன செய்ய?" செய்து கொடுத்தார். கூலி வாங்கவில்லை, கேட்கவும் தைரியமில்லை. அந்த அதிகாரி அதற்கப்புறம் எங்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. அடுத்த சந்தில் இருந்த இன்னொரு பத்தரின் பட்டறையை மட்டும் இரண்டு தடவை புரட்டிப்போட்டார்கள். அவர் வீட்டுக்கு யாரும் ராத்திரியில் வந்து சங்கிலி கேட்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது கதை அதற்குச் சில வருஷம் கழித்து. 14 காரட் விதியை 1966-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. பத்தர்கள் சான்றிதழ் வாங்க வேண்டும். வந்த தங்கம், போன தங்கம், இருப்பு என்று கணக்கு எழுத வேண்டும். தாத்தாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஓர் இளவயது இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். நோட்டைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மணையில் உட்கார்ந்து, மூன்று மாதக் கணக்கையும் தாத்தாவைக் கேட்டுக் கேட்டுத் தாமே சரியாக எழுதிக் கொடுத்தார். போகும்போது, "இதை நான் எழுதின சட்டம்னு நினைச்சுக்காதீங்க பத்தரே. எனக்கும் பாதி புரியலை" என்றாராம். அம்மாச்சி கொடுத்த மோரை மட்டும் வாங்கிக் குடித்தார்.

அவரும் அதே இலாகாதான். எங்கள் வீட்டில் அவரை நல்லவர் என்று சொல்வார்கள். ஆனால் அவரால்கூட சர்க்கார் மேல் நம்பிக்கை வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? "அந்த ஒருத்தர் நல்லவரு" என்றுதான் சொல்வார்கள், "இலாகா நல்லது" என்று யாரும் சொன்னதில்லை. முதல்காரரால் போனது இலாகாவின் பேர். இரண்டாமவரால் வந்ததோ அவருடைய சொந்தப் பேர் மட்டும். தப்பான சட்டத்தைக் கையில் கொடுத்தனுப்பினால் நல்ல அதிகாரிக்கும் இந்தக் கதிதான்.

அந்த 1968 சட்டத்தில் வீட்டுப் பெண்களுக்கு என்ன இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு குடும்பத்தில் நகைகள் 4,000 கிராமுக்கு மேல் போனால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பமில்லாத தனி ஆளுக்கு 2,000 கிராம். நான்காயிரம் கிராம் என்றால் ஐந்நூறு பவுன்! அம்மாச்சியிடம் இருந்தது எல்லாம் சேர்த்துப் பதினோரு பவுன். அந்தப் பதினோரு பவுனை அவர் இருபது வருஷம் தவிட்டுப் பானையிலும், உரல் குழிக்கடியிலும், ஒரு தடவை மாட்டுக் கொட்டில் மண்ணிலும் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார். தமக்குச் சம்பந்தமே இல்லாத சட்டத்துக்கு!

கட்டியாக வைத்திருப்பதுதான் தனியாருக்குக் கூடாது என்றிருந்தது, நகையாக வைத்திருப்பதில் சாதாரணக் குடும்பத்துக்குத் தொல்லையே இல்லை. இதை யாராவது தெருவில் வந்து, தமிழில், பவுன் கணக்கில் சொல்லியிருந்தால்? சட்டம் கிராமில் பேசியது, நாம் பவுனில் பேசுகிறோம். அதிகாரி வந்தது மிரட்ட, விளக்க இல்லை. ஆக, நகையை மறைக்க வேண்டியவர்கள் வக்கீலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். மறைக்கத் தேவையே இல்லாதவர்கள் தவிட்டுப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கும் நடந்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாகச் சரி என்று ஏற்றுக்கொண்டு, சில பிரிவுகளை மட்டும் செல்லாது என்று தள்ளியது. கடத்தல் நின்றதா? எழுபதுகளில் வந்த சினிமாக்களைப் பார்த்தாலே தெரியுமே, வில்லன் என்றால் தங்கக் கடத்தல்காரன்தான்! கடைசியில் 1990 ஜூனில், வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். அதன்பின் 1992-ல், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் வரி கட்டி ஐந்து கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று அனுமதித்தார்கள். இருபத்தேழு வருஷம் பிடித்து மிரட்டியதில் ஆகாதது, நேர் வழியைத் திறந்துவிட்டதில் ஓரளவு ஆயிற்று. வரியை ஏற்றினால் கடத்தல் கூடும், இறக்கினால் குறையும். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோதும் இந்தக் காரணத்தைச் சொன்னார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இன்று நகைக்கடையில் போய்க் கேளுங்கள், வைரம் பதித்த கம்மலும் மோதிரமும் 14 காரட்டிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகிற பெண்கள் ஆசையாக வாங்குகிறார்கள். விலை ஏறியதும், லேசான நகைக்கு ருசி வந்ததும் அதைச் செய்துவிட்டன. ஆனால் தாலி என்று வந்தால் அதே பெண்கள் 22 காரட்டுக்குத்தான் போகிறார்கள்.

எல்லாச் சட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமில்லை. ஹால்மார்க்கைப் பாருங்களேன். 2000-லிருந்து விருப்பப்பட்டால் என்று இருந்தது, 2021 ஜூனிலிருந்து மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. ஆரம்பத்தில் நகைக்கடைக்காரர்கள் எதிர்த்தார்கள்தான். ஆனால் நாம்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைத் தேடுகிறோம். சீட்டுக் கட்டி வாங்குகிற சம்சாரிகூட, "நம்பர் எங்கே?" என்று கேட்கிறாள். இங்கே அதிகாரி வரவே தேவையில்லை, ஒவ்வொரு பெண்ணும் அதிகாரிதான்! ஏனென்றால் இந்த விதி நம் பவுனைக் காப்பாற்றுகிறது. வீட்டிலிருக்கும் பழைய நகைக்கு முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை, அதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், மாற்றலாம். இதையும் பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் நகைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வரைவு வெளியிட்டது. நகை உங்களுடையதுதான் என்பதைக் கடன் கொடுப்பவர் சரிபார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. உடனே நம் பக்கத்தில் ஒரே கொந்தளிப்பு. பாட்டி கொடுத்த வளையலுக்கும், மாமியார் போட்ட காசுமாலைக்கும் பில்லுக்கு எங்கே போவது? விதைக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் ஜூன் மாதம் நகையை வைக்காத வீடு உண்டா? என் தம்பி மனைவி, "அண்ணி, பாட்டி நகைன்னு எழுதிக் குடுத்தா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தாத்தாவின் நோட்டு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அது உண்மையாகவே பாட்டி நகை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. இது வரைவு, கருத்துச் சொல்லுங்கள் என்று வெளியிட்டிருந்தார்கள். விவசாயிகள் சொன்னார்கள், தமிழ்நாடு அரசும் எழுதியது. ஜூன் மாதம் இறுதி விதிகள் வந்தபோது இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. பில் இல்லாவிட்டால் கடன் வாங்குகிறவர் எழுதித் தரும் உறுதிமொழியையும் ஏற்கலாம். கேட்டுவிட்டுச் செய்தார்கள். 1963-ல் இதைச் செய்திருந்தால் பெரிய மாமா பஞ்சர் ஒட்டப் போயிருக்கமாட்டார்.

அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக வாங்கும் நகைக்குப் பில்லைப் பத்திரமாக வையுங்கள். பரம்பரை நகையாக இருந்தால் ஒரு நோட்டில் எது யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்தில், எத்தனை பவுன் என்று எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். பழைய கல்யாண ஆல்பத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் கழுத்தில் கிடப்பது தெரியும். மகளுக்குக் கொடுக்கும்போது இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தேர்தல் சமயத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கமோ, கல்யாண நகையோ எடுத்துக்கொண்டு பிரயாணம் செய்தால் பில்லும் பத்திரிகையும் கையில் இருக்கட்டும்.

இதெல்லாம் அம்மாவிடம் மட்டும் எடுபடவில்லை. எழுபது வயது தாண்டிவிட்டது. அம்மாச்சியின் பதினோரு பவுனில் அம்மா பங்குக்கு வந்த மூன்றரைப் பவுன் இப்போதும் துவரம்பருப்பு டின்னுக்கு அடியில் இருக்கிறது. லாக்கருக்கு வரமாட்டேன் என்கிறார். "அம்மா, அந்தச் சட்டத்தை 1990-லயே எடுத்தாச்சு. முப்பத்தஞ்சு வருஷமாச்சு" என்றேன் போன வாரம்.

"எடுத்தாச்சா? உங்கிட்ட வந்து சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா பருப்பை அளக்கப் போய்விட்டார்.